நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களும் பொன்மலைப் பணிமனையும்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் மீட்டர் பாதையால் இணைக்கப்பட்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையும் அவற்றுள் ஒன்று. இப்பாதைகள் படிப்படியாக அகலப்பாதைகளாக மாற்றப்பட்டன. மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மலைப்பாதை மட்டும் மீட்டர் பாதையாகவே நீடிக்கிறது. இப்பாதையில் ஓடும் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களை ஓடும் நிலையில் வைத்திருக்க மேற்கொள்ளப்பட்ட பணிகள் இந்திய ரயில்வே வரலாற்றில் தனி இடம் பெறுபவை.

பாதையின் தோற்றம்

நீலகிரிக்கு ரயில் பாதை அமைக்கும் பணி 1891-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபுவால் தொடங்கி வைக்கப்பட்டது. அதை மேற்கொண்ட நிறுவனம் நொடித்துப்போனதால் பணி தடைப்பட்டது. பின்னர் தொடங்கப்பட்ட வேறொரு நிறுவனம் பணியை முடிக்க, 1899-இல் குன்னூர் வரை ரயில் ஓடியது. 1908-இல் பாதை உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டது.

சுமார் 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகச் செங்குத்தானது. ஏறத்தாழ 12 மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயர்கிறது. இவ்வளவு சரிவில் இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட இரட்டைச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இது ‘ஆப்ட்’ முறை எனப்படும். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை அமைந்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடி நழுவாது.

எக்ஸ் வகை எஞ்சின்

எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 1914 முதல் 1925 வரையிலும் பின்னர் 1952-இலும் இவை கட்டப்பட்டன. ஒவ்வோர் எஞ்சினிலும் நான்கு சிலிண்டர்கள் உண்டு. சமதளத்தில் இரண்டு உயர் அழுத்தச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து சக்கரங்களைச் சுழற்றும். பல்சட்டப் பகுதி வந்ததும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டு தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குச் செலுத்தப்படும். அவை பற்சக்கரங்களை இயக்கும். ஒரே நீராவி இரு முறை உழைக்கிறது.

எஞ்சின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்திலேயே இணைக்கப்படும். ஏறும்போது வண்டியைத் தள்ளும். இறங்கும்போது தாங்கிப் பிடிக்கும். பல்சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர்தான். குன்னூருக்கு மேல் பல்சட்டம் இல்லாததால் அங்கு டீசல் எஞ்சின்கள் இழுக்கின்றன.

நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு

நூற்றாண்டை நெருங்கிய எஞ்சின்களில் கொதிகலன் தேய்ந்தது. உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கவில்லை. நிலக்கரியை மலையில் எரிப்பதிலும் சிக்கல்கள் இருந்தன. கரியின் தரம் குறைந்தால் நீராவி அழுத்தம் குறைந்து வண்டி நடுவழியில் நிற்கும். புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி கோடையில் காட்டுத்தீக்குக் காரணமாகலாம். செங்குத்தான ஏற்றத்தில் இடைவிடாமல் கரி அள்ளிப் போடுவது தொழிலாளருக்குக் கடும் உழைப்பு.

இதற்கு விடையாக எண்ணெய் எரிக்கும் முறை வந்தது. இம்முறையில் அடுப்பிலுள்ள தட்டுக்கம்பிகள் நீக்கப்பட்டு, வெப்பம் தாங்கும் செங்கற்கள் பதிக்கப்படும். எண்ணெய் ஊதுகுழல் வழியாக மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கப்பட்டு எரிக்கப்படும். திறப்பானைத் திருப்பித் தீயைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனை இதில் முக்கியப் பங்காற்றியது. நாகப்பட்டினத்தில் இயங்கிய தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. பழையவற்றைப் பழுதுபார்ப்பதோடு நிற்காமல், 2011 முதல் 2014 வரை எண்ணெயில் இயங்கும் நான்கு எக்ஸ் வகை எஞ்சின்களைப் பொன்மலை புதிதாகவே கட்டியது. இந்தியாவில் நீராவி எஞ்சின் உற்பத்தி 1972-இல் நின்றுபோயிருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கைவிடப்பட்ட ஒரு தொழிலைப் பணிமனை மீண்டும் செய்துகாட்டியது.

இதற்கு ஒப்பான முயற்சி எக்ஸ் வகையின் பிறப்பிடத்திலும் நடந்தது. 1992-இல் வின்டர்தூர் தொழிற்சாலை, பிரியன்ஸ் ரோட்டோர்ன் உள்ளிட்ட ஆல்ப்ஸ் மலைப் பாதைகளுக்காக எண்ணெயில் இயங்கும் புதிய பல்சட்ட நீராவி எஞ்சின்களைக் கட்டியது.

மாற்றமும் மரபும்

2005-இல் நீலகிரி மலை ரயில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஒரு கேள்வி கூர்மையடைந்தது. எரிபொருளும் கொதிகலனும் மாறிய எஞ்சின் பழைய எஞ்சின்தானா? மாற்றாமல் விட்டால் அது அருங்காட்சியகப் பொருளாகிவிடும். மாற்றினால் பழைமையின் ஒரு கூறு போய்விடும்.

சென்னையும் இக்கேள்வியைச் சந்தித்தது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ என்ற எஞ்சின் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் பணிமனையில் அது சீரமைக்கப்பட்டு 2010 ஆகஸ்டு 15 அன்று மீண்டும் ஓடியது. பாதுகாப்புக்காக அதில் காற்று பிரேக் முதலிய புதிய வசதிகள் சேர்க்கப்பட்டன.

நீலகிரியில் விடை இருவழியாகவும் அமைந்தது. எண்ணெய் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க, 2021-இல் பொன்மலை நிலக்கரியில் இயங்கும் எக்ஸ் வகை எஞ்சின் ஒன்றையும் புதிதாகக் கட்டி அனுப்பியது.

உலோகத்தைப் போலவே கைத்திறனும் இங்குப் பாதுகாக்கப்பட வேண்டியது. கொதிகலனுக்கு ஆணி அறையவும், சிலிண்டரைச் செதுக்கவும், பற்சக்கரத்தைப் பொருத்தவும் தெரிந்தவர்கள் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவர்களோடு போய்விடும். புதிய எஞ்சின்களைக் கட்டியதன் வழியாக அந்த அறிவு அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களின் கைக்கு வந்தது. நாட்டின் பெரும்பாலான பாதைகளில் நீராவி ஓய்ந்துவிட்ட பிறகும் கல்லாற்றுக்கு மேல் அது மலையேறுவதற்கு இத்தொடர்ச்சியே காரணம்.