தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்க

அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். 1973-இல், எனக்கு ஒன்பது வயது. தரங்கம்பாடிக் கோட்டையில் மராமத்து வேலை பார்க்கப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாயவரத்தில் ரயிலேறினோம். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று போகிற வண்டி. கூட வந்தவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டுச் சாயந்திர வண்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் தங்கினோம். அப்போது கோட்டைதான் அரசாங்கத்தின் பயணியர் பங்களா. அப்பாவின் உத்தியோகம் இல்லையென்றால் அந்தக் கதவு எங்களுக்குத் திறந்திருக்காது.

மாடி அறை. தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. காவலாளி கருங்கல் துண்டால் நாலு தட்டுத் தட்டித்தான் திறந்தார். சுவர் அவ்வளவு கனம், ஜன்னல் திட்டில் நான் சுருண்டு படுத்துக்கொள்ளலாம். இரவு சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து சோறும் நெத்திலிக் குழம்பும் வந்தன. பாயில் காதை வைத்தால் தரைக்குள்ளிருந்து அலை கேட்டது. கீழே என்னப்பா இருக்கு என்றேன். “சாமான் போடுற அறை. தூங்கு பாப்பா” என்றார்.

அந்தக் கீழறைகளைப் பற்றிப் பிறகு படித்தேன். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே இறங்கினார்கள். அவர்கள் கட்டியதுதான் இந்த டான்ஸ்போர்க் கோட்டை. மேலே ஆளுநரும் பாதிரியாரும், கீழே வளைவுக் கூரையிட்ட அறைகளில் சரக்கும் சிப்பாய்களும் கைதிகளும். 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு இளம் பாதிரியார்கள் டென்மார்க் அரசரின் ஆணையோடு வந்து சேர்ந்தார்கள். ஆளுநர் ஹாசியுஸ் அவர்களை மணிக்கணக்கில் காக்க வைத்து, கடைசியில் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். யாரோ இரங்கி ஒரு வீட்டில் இடம் பிடித்துத் தந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஆளுநர் சீகன்பால்கை இந்தக் கோட்டைக்குள் ஏறக்குறைய நான்கு மாதம் சிறை வைத்தார். வெளியே வந்தவர்தான் பின்னால் அச்சகம் நிறுவித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அப்பேர்ப்பட்டவர் அடைபட்டிருந்த கட்டடத்தில் நானும் ஓர் இரவு படுத்திருந்தேன் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாருக்கு எங்கே படுக்கை என்பதை இந்த ஊரில் எப்போதும் அதிகாரம்தான் முடிவு செய்தது. 1784-இல் ஆளுநர் கோட்டையை விட்டு எதிரே மைதானத்துக்கு அப்பால் இருந்த பெரிய வீட்டுக்குக் குடிபோனார். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் வாங்கியதும், தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கே வந்து உட்கார்ந்தார். 1860-இல் அவரும் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கெல்லாம் அங்கே போயிற்று. ஊர் அடங்கிப் போனது. தரங்கம்பாடிக்கு ரயில் வர 1926 ஆயிற்று. 1986-இல் அதுவும் நின்றது. கோட்டை 1978-இல் தொல்லியல் துறைக்குப் போய் அருங்காட்சியகமானது.

இன்று கோட்டைக்குப் பக்கத்திலேயே கலெக்டர் பங்களா ஹோட்டலாக இருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் தங்கலாம். அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வாடகையை நினைத்தால், அப்பா ஆயுசுக்கும் அங்கே ஓர் இரவு படுத்திருக்க மாட்டார். திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் முடித்தவர்கள் அங்கேயே லாட்ஜில் தங்கி, மாலையில் வேன் பிடித்து வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஓர் இரவாவது இங்கே தங்குங்கள். அறை பேசும்போது கடல் தெரியுமா என்று கேட்பதை விட, 1792-இல் கட்டிய நகர வாசலுக்கு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது.

கடலை ஒட்டியே தங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது. குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்து மீனவர் தெருக்களில் அது கொண்டுபோன உயிர்களுக்குப் பிறகு, அலை ஓரத்து அறைக்கு முந்திக்கொண்டு கேட்க மனம் வருவதில்லை.

போன தை மாசம் ராணி வீதியில் ஓர் ஓட்டுவீட்டில் தங்கினேன். விடியக்காலை ஐந்து மணிக்குத் தெருவில் ஆளில்லை. வாசல் தெளிக்கும் சத்தம் மட்டும். கோட்டை வரை நடந்தேன். பூட்டியிருந்தது. வெளிச்சம் வருகிற வரை மதிலோரம் நின்று, மாடி ஜன்னல்களில் எது எங்களுடையது என்று தேடினேன். கடலைப் பார்த்தபடி இடது கோடியில் இருப்பது என்றுதான் தோன்றுகிறது.