பொன்னேடும் செஞ்சியாறும்

செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றை வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்குவர். மழைக்காலத்தில் பெருகியும் கோடையில் மணலாய்க் கிடந்தும் கிழக்கே செல்லும் இந்த ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகின்றது. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. பண்டைக் கிரேக்க அறிஞர் தாலமி 'பொதுகே' எனக் குறித்த வணிகத்துறை இதுவே என்பர் ஆய்வாளர் பலர்.

கி.பி. 150 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் புவியியல் நூலில் ஏறத்தாழ 8,000 இடங்களை வரிசைப்படுத்தினார். குமரி, கொற்கை, பாண்டியரின் மதுரை, காவிரியின் கழிமுகத்துறை ஆகியன அதில் உள்ளன. வணிகரும் மாலுமிகளும் சொன்ன செய்திகளே அவருக்குப் பெரிதும் துணையாயின.

மேற்கு ஐரோப்பா அந்நூலைப் பல நூற்றாண்டுகள் அறியாதிருந்தது. 1410ஆம் ஆண்டளவில் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பின்னர் அதன் ஓவியப் படிகளைத் தம் நூலகத்தில் வைப்பது செல்வர்க்குப் பெருமையாயிற்று. உர்பினோ நகரை ஆண்ட பெதெரிகோவுக்காக 1472இல் எழுதப்பட்ட படி அவற்றுள் புகழ்பெற்றது. பதப்படுத்திய தோலில் வண்ணமும் பொன்னும் கொண்டு அமைந்த அவ்வேட்டின் படங்களை வரைந்தவர் பியேரோ தெல் மசாயோ. தாலமியின் உலகோடு எருசலேம், உரோமை முதலிய நகரங்களின் தோற்றங்களையும் அவர் சேர்த்தார். 1657இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர் உர்பினோ நூலகத்தை உரோமைக்குக் கொணர்ந்தார். அன்று முதல் இவ்வேடு வத்திக்கான் நூலகத்தில் உள்ளது.

ஏடு அழகியது, ஆனால் அதில் உள்ள உலகம் பிழையுடையது. தென்னகத்தின் முக்கோண வடிவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இலங்கையோ அளவுக்கு மீறிப் பெருத்துள்ளது. இந்தியப் பெருங்கடல் நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஏரிபோல் அடைபட்டுக் கிடக்கின்றது. பொன் தீட்டியதால் பிழை மெய்யாகிவிடுமா?

அக்காலத்திலேயே இதை எண்ணிப் பார்த்த துறவி ஒருவர் இருந்தார். வெனிசு நகரின் கமால்தோலி சபைத் துறவியான பிரா மவுரோ, 1450 அளவில் தாம் வரைந்த உலகப் படத்தில் அக்கடலைத் திறந்துவிட்டார். கடலோடிகள் கண்டு கூறியதை ஏற்ற அவர், தாலமியைப் பின்பற்றாமை அவருக்கு அவமதிப்பு ஆகாது என்றும் கருதினார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபோது, கடல் திறந்தது என்பது ஐயமற விளங்கியது.

எனினும் தாலமியை நாம் புறந்தள்ளலாகாது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, இத்தாலியில் செய்த மட்கலங்களின் உடைசில்லுகளும் மதுச்சாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. நிலத்தின் உருவத்தைப் பிழையாகக் காட்டிய நூல், நம் கரையில் ஒரு வணிகத்துறை இருந்ததைச் சரியாகவே சொல்லியிருந்தது.

செஞ்சியின் சிறப்பும் கண்டவர் வாயிலாகவே மேலைநாட்டாருக்கு எட்டியது. கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட 1597இல் இங்கு வந்த இயேசு சபைத் தந்தை நிக்கோலாஸ் பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நகரங்கள் அனைத்தையும்விட இது பெரிது என எழுதினார். தாலமியின் ஏட்டில் இல்லாத ஊரை அவர் நேரில் கண்டு உலகுக்குச் சொன்னார்.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. காண வருவோர்க்கும் நம் பிள்ளைகளுக்கும் நாம் எதைச் சொல்லப் போகிறோம்? கோட்டையைச் சுற்றி வழங்கும் கதைகள் பல. அவற்றுள் மெய்யும் உண்டு, அழகுக்காகச் சேர்ந்தவையும் உண்டு. முன்னோர் தந்ததைக் கண்ணை மூடி வணங்குவது எளிது. ஒரே வீச்சில் எறிந்துவிடுவதும் எளிது. கல்வெட்டோடும் அகழாய்வோடும் ஒப்பிட்டு, நிற்பதை வைத்து நில்லாததை விடுவதே கடினம். அன்புடன் காத்தலும் அஞ்சாது திருத்தலும் ஒருசேர அமைந்தால்தான் மரபு உயிரோடு இருக்கும். அந்த உழைப்பை நம் பிள்ளைகளுக்குப் பழக்கித் தருவது நம் கடமை.