1941 கிள்ளான் வேலைநிறுத்தம்: நேரடி நடவடிக்கையும் சட்டமும்

நேரடி நடவடிக்கை என்றதும் பலருக்குக் கலவரம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதன் பொருள் வேறு. மனுக் கொடுத்துக் காத்திருந்தும் பயன் காணாத மக்கள், தங்களிடம் உள்ள பலத்தைத் தாங்களே பயன்படுத்துவதுதான் நேரடி நடவடிக்கை. தொழிலாளியின் பலம் அவனது உழைப்பு. அதை நிறுத்தி வைப்பதே வேலைநிறுத்தம். இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று, 1941-ல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த போராட்டமாகும்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். ரப்பருக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆனால், பால்மரம் சீவிய தமிழர்களுக்குச் சீனத் தொழிலாளர்களைவிடக் குறைந்த கூலியே கிடைத்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களைத் திரட்டியது. 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார்.

அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், கொடுமை செய்யும் கிராணிகளையும் தண்டல்களையும் நீக்குதல், பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைக்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் கோரிக்கைகளில் இடம்பெற்றன. இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். இதைக் கொடுக்க முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால், தொழிலாளிக்கு அது தன்மானப் பிரச்சினை.

1941 மே தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்துத் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அரசாங்கம் சிலாங்கூரில் அவசரகாலத்தை அறிவித்து இராணுவத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேறு பலரும் வெளியேற்றப்பட்டனர்.

தொழிற்சங்கங்களை அங்கீகரிக்கும் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டு, 1940-லேயே இயற்றப்பட்டிருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஏட்டில் சங்க உரிமை எழுதப்பட்டது. தோட்டத்தில் அதைக் கேட்டவனுக்கோ சிறையும் கப்பலும் கிடைத்தன. விசாரணையின்றி நாடு கடத்தவும் அன்று சட்டம் இடம் கொடுத்தது.

இன்று மலேசியாவில் வேலைநிறுத்தம் சட்டத்துக்கு உட்பட்ட உரிமை. ஆயினும் 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டப்படி, தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. தெருவில் தீர வேண்டியதை மேசையில் தீர்ப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த மேசையில் தொழிலாளியின் குரலும் சமமாக ஒலிக்க வேண்டும்.

கிள்ளான் தொழிலாளர்கள் அன்று தோற்றார்கள். ஆனாலும் அவர்கள் கேட்டவற்றில் இன்று எதையும் அதிகப்படி என்று எவராலும் சொல்ல முடியாது. சட்டம் மறுத்த நியாயத்தை அவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டார்கள்.