கொக்கலை வாவியிலிருந்து பேர்த் நகருக்கு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறாதது. அதனைக் கடக்கும் நேரமோ பொறியின் வலிமைக்கும் காற்றின் போக்கிற்கும் ஏற்ப மாறுவது. இவற்றோடு யுத்தமும் சேர்ந்துகொண்டால் நிகழ்வது யாது என்பதற்கு நமது இலங்கைத் தீவின் தென்கரையிலேயே சான்று உண்டு.

1938 ஆம் ஆண்டு முதல் அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த கடல்விமானங்கள் சிங்கப்பூர் வழியாகவே பறந்தன. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவ்வழி அறுந்தது. எஞ்சியது இந்து சமுத்திரம் ஒன்றே. அதன் வடபகுதியில் வாய்ப்பாக அமைந்தது காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவி. அங்கிருந்த விமானத் தளம் அதே ஆண்டு ஏப்பிரல் 4 இல் புகழ்பெற்றது. அன்று அவ்விடத்திலிருந்து சென்ற கனேடிய வீரர் பேர்ச்சோல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிச் சிறைப்பட்டார். மறுநாளே கொழும்பின்மீது குண்டுகள் வீழ்ந்தன. இத்தளத்தின் பொருட்டு ஊரை விட்டுப் பெயர்ந்த கிராம மக்களைப் பற்றி வரலாற்றாசிரியர் அதிகம் எழுதுவதில்லை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுவே.

1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனத்தினர் கற்றலீனா எனும் கடல்விமானங்கள் ஐந்தைக்கொண்டு கொக்கலைக்கும் பேர்த் நகரின் சுவான் ஆற்றிற்கும் இடையே சேவை தொடங்கினர். தூரம் ஏறக்குறைய 3,500 மைல். இடையில் இறங்க இடமில்லை. கற்றலீனாவின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 125 மைல். வகுத்துப் பார்ப்பின் 28 மணி நேரம் வரும். பெரும்பாலும் அவ்வளவே ஆயிற்று. எதிர்க்காற்று வலுத்தபோது கணக்குப் பொய்த்தது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. ஒரு நாளுக்கு மேலாக வானிலிருந்தவர்கள் இருமுறை சூரியோதயம் கண்டனர். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் இச்சேவைக்கு வழங்கலாயிற்று.

இத்துணை நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் சுமையிற் பெரும்பகுதியாயிற்று. ஆகவே இன்றியமையாதன அல்லாத கருவிகள் களையப்பட்டன. ஏற்றப்பட்டோர் மூன்று பயணிகள். அவர்களோடு ஏறக்குறைய 150 இறாத்தல் தபால். அவ்வளவே. சிறு சுமைதான், ஆயினும் அறுந்த தொடர்பை மீண்டும் இணைத்தது அச்சிறு சுமையே.

யப்பானிய விமானங்கள் உலாவும் பகுதியை இருளிற் கடத்தல் வேண்டும், வானொலியும் பேசலாகாது. எனவே நட்சத்திரங்களே வழிகாட்டின. விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே இட்டனர். அல்தைர், வேகா, ரைகல், அன்ராரிஸ், ஸ்பைக்கா என்பன அவை. இவற்றுள் அல்தைர் நமது திருவோணம், அன்ராரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. பஞ்சாங்கத்திற் காணும் பெயர்கள் யுத்தகாலத்து ஆகாயத்திற் பறந்தன என்பது நமக்குச் சிறிது உவகை தருவதே.

1945 யூலை வரை கற்றலீனாக்கள் 271 தடவை இச்சமுத்திரத்தைக் கடந்தன. ஒன்றேனும் கடலில் வீழவில்லை. 1944 இல் லிபரேற்றர் எனும் தரைவிமானங்களும் இப்பணியிற் சேர்ந்தன. அவை இரத்மலானையில் இறங்கின. மணிக்கு 500 மைல் செல்லும் ஜெற் விமானத்திற்கு இத்தூரம் இன்று ஏழு மணி நேர வேலை. யுத்தம் முடிந்தபின், கடன் குத்தகை ஒப்பந்தத்தின் விதிப்படி, அக்கற்றலீனாக்கள் அவுஸ்திரேலியக் கரையோரக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.