மதகு மூடிய பிறகு

பரமத்தி வேலூரில் என் தமக்கை வீடு ராஜா வாய்க்காலுக்குச் சமீபம். பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தேன். அவள் மகன், சேலத்தில் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறவன், திண்ணையில் உட்கார்ந்து ஆய்வகக் குறிப்பேட்டில் எதையோ அழித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அழிக்கிறே?"

"எனக்கு ரெண்டேகால் வோல்ட் வந்துதுங்க மாமா. மத்தவங்க எல்லாத்துக்கும் மூணே முக்கால். அதையே எழுதிப்போடலாம்னு..."

"எல்லோருக்குமா ஒரே கணக்கு வந்தது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒருத்தனுக்கு வந்துதுங்க. மத்தவங்க பார்த்து எழுதினாங்க."

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன்; பொய்தான் என் மூலதனம். ஆனாலும் அந்தக் குறிப்பேட்டுப் பொய் என்னை உறுத்தியது. அவனையே கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்ட சரித்திரம் இது.

புலவிளைவு டிரான்சிஸ்டர் என்பது ஒரு குட்டி வாய்க்கால். ஒரு முனையில் மின்னோட்டத்துக்கு மூலம், மறுமுனையில் வடிகால், நடுவே வாயில். வாயிலில் எதிர்மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, இரு கரைகளும் உட்புறமாக நெருங்கி வருவதுபோல் ஓடுபாதை குறுகும். கடைசியில் ஓட்டம் நின்றுவிடும். நிறுத்தும் அந்த அளவைத்தான் 'கட்-ஆஃப்' வோல்டேஜ் என்கிறார்கள்.

இந்த யோசனை பழையது. 1882-ல் லெம்பர்க் நகரத்தில் பிறந்த ஜூலியஸ் லிலியன்பெல்டு, 1926-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார், 1930-ல் கிடைத்தது. ஆனால் காகிதத்தில் இருந்த வாய்க்காலில் தண்ணீர் விட வெகு காலம் பிடித்தது. வெளியிலிருந்து செலுத்தும் மின்புலத்தை, பொருளின் மேற்பரப்பில் சிக்கிக்கொண்ட மின்னேற்றங்கள் தடுத்துவிடுகின்றன என்று பெல் ஆய்வுக்கூடத்து ஜான் பார்டீன் 1946-ல் விளக்கினார். அந்தத் தடையை ஆராயப் போன இடத்தில்தான், 1947 டிசம்பரில், வேறு வகை டிரான்சிஸ்டர் ஒன்று பிறந்தது. வாயிலை மேற்பரப்பில் வைக்காமல் உள்ளேயே ஒரு சந்தியாக அமைத்தால் என்ன என்று வில்லியம் ஷாக்லி 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். மறு வருஷம் டேசி, ராஸ் என்ற இருவர் அதைச் செய்தே காட்டினார்கள்.

ஷாக்லியின் கணக்கிலேயே என் மருமகனின் சங்கடத்துக்கும் விடை இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தும் அழுத்தம், ஓடுபாதையின் கனத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தக் கனமோ, கண்ணுக்கே தெரியாத நுட்பம். ஒரே அச்சில் வார்த்த வெல்லம்கூட எடையில் கொஞ்சம் முன்பின் இருக்கிறதே!

ஆகவே தயாரிப்பாளர்கள் ஓர் எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வதில்லை. 2 என் 5457 என்ற ரகத்தின் விவரத்தாளைப் பாருங்கள்: நிறுத்தும் அழுத்தம் குறைந்தது அரை வோல்ட், அதிகம் ஆறு வோல்ட். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்! இந்த எல்லைக்குள் எந்தத் துண்டு வந்தாலும் அது நல்ல துண்டுதான். சுற்று அமைக்கிறவன் அரைக்கும் ஆறுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மூலத்தின் காலில் ஒரு மின்தடையைச் சேர்த்தால், ஓட்டம் மிஞ்சும்போது அதுவே வாயிலைச் சற்று இறுக்கும்.

இன்னொரு வரியும் அங்கே உண்டு: 'வடிகாலில் 15 வோல்ட் இருக்க, ஓட்டம் 10 நானோ ஆம்பியர்.' அதாவது பூஜ்யம் அல்ல. ஒரு மில்லி ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. மதகுப் பலகையை இறக்கிய பிறகும் இடுக்கில் நீர் கசியத்தானே செய்கிறது? எவ்வளவு கசிவு வரை 'மூடியது' என்று கொள்வது என்பதை முதலிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். கல்லூரியிலுள்ள மில்லி ஆம்பியர் மீட்டரின் முள் அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். முள் படுத்ததைக் கண்டு மூடிவிட்டது என்று எழுதினால், அது மீட்டரின் பூஜ்யமே தவிர வாய்க்காலின் பூஜ்யம் அல்ல.

இதையெல்லாம் பேசி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரம். பையன் வெகு நேரம் பேசவில்லை.

"ரெண்டேகாலும் சரி, மூணே முக்காலும் சரிங்களா மாமா?"

"அவன் துண்டுக்கு அது. உன் துண்டுக்கு இது. பார்த்து எழுதினவர்கள் துண்டுக்கு என்னவென்று யாருக்குத் தெரியும்?"

"வாத்தியார் மார்க்கைக் குறைச்சுட்டா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குறைக்கவும் கூடும். அவன் பேனாவை எடுத்து 2.25 என்று மறுபடி எழுதினான். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் எந்த மீட்டர், வடிகாலில் எத்தனை வோல்ட், முள் எங்கே நின்றது என்பதையும் குறித்தான். எழுதின ஈரம் காயட்டும் என்று குறிப்பேட்டைத் திறந்தபடியே திண்ணையில் வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் போனான்.