பழைய கேம் பாய்க்கு வயர்லெஸ் சார்ஜிங்... செய்யலாமா, எப்படிச் செய்வது?

பரணைச் சுத்தம் செய்யும்போது, சிங்கப்பூர் மாமாவோ துபாய் சித்தப்பாவோ எப்போதோ வாங்கி வந்த கேம் பாய் கையில் கிடைத்ததா? கருவி நல்லாத்தான் இருக்கும். சார்ஜர் தொலைஞ்சிருக்கும், இல்லைன்னா சார்ஜ் பின் லூஸாகி ஆடும். 'போனை வைக்கிற மாதிரி இதையும் ஒரு பேட் மேல வெச்சா சார்ஜ் ஏறாதா?' என்று தோன்றினால், ஏறும். சேந்தமங்கலத்தில் இருந்தபடியே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். ஆனால், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதனால் முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

எந்த மாடலுக்குப் பொருந்தும்?

1989-ல் வந்த முதல் கேம் பாய்க்கு 4 பென்சில் பேட்டரிகள், அதாவது 6 வோல்ட் வேண்டும். 1998-ல் வந்த கேம் பாய் கலருக்கும், 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸுக்கும் 2 பேட்டரிகள், 3 வோல்ட். நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற பிரிக் கேமும் பெரும்பாலும் 2 பேட்டரி ரகம்தான். இவற்றில் சார்ஜ் ஏற்றும் வசதியே கிடையாது. பேட்டரி, சார்ஜிங் போர்டு, வோல்டேஜை மாற்றும் போர்டு என எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

2003-ல் வந்த, மடக்கும் வடிவ 'கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி' ஒரு விதிவிலக்கு. அதில் 600 மில்லி ஆம்பியர் ஹவர் லித்தியம் அயன் பேட்டரியும், அதை சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும் உள்ளேயே இருக்கின்றன. முதல் முயற்சிக்கு இதுதான் சரியான மாடல்.

எப்படி வேலை செய்கிறது?

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. பேடுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது, அருகில் இருக்கும் இன்னொரு சுருளிலும் மின்சாரம் உண்டாகிறது. இன்று போன்களில் பரவலாக இருக்கும் 'சீ' தரநிலையை உருவாக்கிய கூட்டமைப்பு தொடங்கியது 2008-ல். எஸ்.பி அதற்கு 5 வருஷம் மூத்தது!

ஆனாலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. எஸ்.பி-யின் ஒரிஜினல் சார்ஜர் தருவது 5.2 வோல்ட், 320 மில்லி ஆம்பியர். சுமார் 1.7 வாட். அடிப்படை 'சீ' பேட் 5 வாட் வரை தரும். போனுக்குப் பின்னால் ஒட்டுவதற்காக விற்கும் மெல்லிய ரிசீவர் 5 வோல்ட் கொடுக்கும். அது போதும்.

வேலையில் இறங்கினால்...

1. ரிசீவரைப் பேட் மேல் வைத்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா, பிளஸ் எது, மைனஸ் எது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கருவியைத் திறக்கவே வேண்டாம்.

2. எஸ்.பி-யில் மூன்று கால் கொண்ட 'ஒய்' வடிவ ஸ்குரூக்கள் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லாமல் முயன்றால் ஸ்குரூ தலை தேய்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் மற்ற வேலை.

3. ரிசீவரின் இரண்டு ஒயர்களையும், சார்ஜ் பின்னுக்குப் பின்னால் உள்ள பிளஸ், மைனஸ் புள்ளிகளில் சால்டரிங் செய்ய வேண்டும். நேரடியாக பேட்டரி முனையில் வைக்கவே கூடாது. அப்படி வைத்தால் கட்டுப்பாடு இல்லாமல் மின்சாரம் ஏறும்.

4. சுருள் வெளிப்பக்கமாக, பேட்டரி மூடியை ஒட்டி இருக்க வேண்டும். சுருளுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஃபெரைட் தாள் அவசியம். அது இல்லாவிட்டால் காந்தப்புலம் பேட்டரியின் உலோகத்தில் பட்டு வீணாகும், பேட்டரியும் சூடாகும். உள்ளே இடம் ரொம்பக் குறைவு. மூடி அழுத்தி மூடினால், பேட்டரி நசுங்குகிறது என்று அர்த்தம். அப்படியே விடாதீர்கள்.

5. பேடில் வைத்ததும் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் வெற்றி. சார்ஜ் நிறைந்ததும் அது தானாக அணையும். கேபிளையும் பேடையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

சால்டரிங் பழக்கம் இல்லையா? ஊரில் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடைக்கு இதைவிடச் சின்ன பின்னை மாற்றுவது தினசரி வேலை. 3-வது படியை மட்டும் அவர்களிடம் விட்டுவிடலாம். ரிசீவரை ஆன்லைனிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வாங்கலாம்.

பழைய மாடல்காரர்கள் கவனத்துக்கு

தனியாக சார்ஜிங் போர்டு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது டிபி4056. அது வரும்போதே 1 ஆம்பியருக்கு செட் செய்யப்பட்டிருக்கும். 600 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது மிக அதிகம். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4 கிலோ ஓம் வைத்தால், சுமார் 300 மில்லி ஆம்பியராகக் குறையும். பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்டும் சேர்ந்த போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நம்ம ஊர் வெயிலில் ஒரு எச்சரிக்கை

வயர்லெஸ் சார்ஜிங்கில் ஒரு பங்கு மின்சாரம் சூடாக மாறியே தீரும். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தாலும், சித்திரை மதியத்தில் ஓட்டு வீட்டு அறைக்குள் அந்த எல்லை அதிக தூரத்தில் இல்லை. அதனால் காலையிலோ இரவிலோ, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். மெத்தை மேல் வேண்டாம். முதல் சில தடவை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் எடுத்துவிடுங்கள்.

20 வருஷம் பரணில் கிடந்த பேட்டரியை நம்பாதீர்கள். கொஞ்சம் உப்பியிருந்தாலும் அது முடிந்த கதை. குத்தவோ, அமுக்கவோ, குப்பையில் போடவோ கூடாது. மின்கழிவு சேகரிப்பவர்களிடம்தான் தர வேண்டும். பென்சில் பேட்டரி மாடல்களில் கசிந்த பேட்டரிதான் எதிரி. பச்சை படிந்த முனைகளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம்.

அப்போ, செய்யணுமா?

சார்ஜ் பின் நல்ல நிலையில் இருந்தால், ஒரு யு.எஸ்.பி கேபிள் போதும். செலவும் சூடும் குறைவு. பின் உடைந்திருந்தாலோ, உடைந்துவிடும் நிலையில் இருந்தாலோ, வயர்லெஸ் உண்மையிலேயே அந்தக் கருவியின் ஆயுளைக் கூட்டும். எப்படியானாலும், ஒரிஜினல் பிளாஸ்டிக்கை வெட்டாதீர்கள். தனியாகக் கிடைக்கும் மாற்று மூடியில் சுருளைப் பொருத்திவிட்டு, பழைய மூடியை பத்திரமாக எடுத்து வையுங்கள். பிடிக்கலைன்னா, இரண்டு ஒயரைக் கழற்றினால் போதும்... மாமா வாங்கித் தந்த அதே கேம் பாய் திரும்பக் கிடைச்சிடும்.