ஒரு தளமும் ஒரு பழியும்

நம் பள்ளிக்கூடங்களில் எளிதாக வாயில் வரும் வசைச்சொற்களுள் ‘மரமண்டை’ என்பது ஒன்று. என் ஆசிரியப் பணியில் நானும் அதைப் பல முறை வழங்கியிருக்கிறேன். மணியடித்ததும் மறந்துவிடும் சொல் என்றே அப்பொழுது எண்ணினேன். அதே பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லை ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுமந்து வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றைப் படித்த பிறகு, அவ்வெண்ணம் மாறியது. அவ்வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் பிரெட் மெர்க்கிள். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர். நிகழ்ச்சி நடந்த ஆண்டு 1908. அன்று அவருக்கு வயது 19.

கிரிக்கெட் அறிந்த நமக்கு இவ்வாட்டத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. சதுரமான களத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. மட்டையால் பந்தை அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி, புறப்பட்ட தளத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடியும். இவ்வாறு ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறைகள்.

இனி, நம் கதைக்கு உயிரான விதி ஒன்று. பந்தை அடித்தவர் முதல் தளத்துக்கு ஓடியே ஆகவேண்டும். ஆகவே அங்கே முன்பே நிற்பவர் அவருக்கு இடம் விட்டு இரண்டாம் தளத்துக்குச் சென்றே தீரவேண்டும். அவர் சென்று சேருமுன் எதிரணியார் பந்தோடு அத்தளத்தைத் தொட்டுவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். அவர் மூன்றாமவராக இருப்பின், அவ்வேளையில் வேறொருவர் எடுத்த ஓட்டமும் செல்லாது. இது விதி. ஆனால் வழக்கம் வேறாக இருந்தது. ஆட்டத்தின் இறுதியில் வெற்றி ஓட்டம் வந்துவிட்டால், முதல் தளத்தில் நின்றவர் பாதி வழியிலேயே திரும்பி ஓய்வறைக்கு ஓடிவிடுவார். மக்கள் களத்துக்குள் இறங்கிவிடுவர் என்பதே காரணம். நடுவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

1908-இல் நேஷனல் லீக்கின் முதலிடத்துக்கு மூன்று அணிகள் முட்டி மோதின: நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். செப்டம்பர் 4-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் சிகாகோ அணி தோற்றது. வெற்றி ஓட்டம் வந்தபொழுது, முதல் தளத்திலிருந்த பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் இரண்டாம் தளத்தைத் தொடவில்லை. அதைக் கண்ட சிகாகோ அணியின் ஜானி ஈவர்ஸ் நடுவர் ஹாங்க் ஓ’டேயிடம் முறையிட்டார். தாம் அதைப் பார்க்கவில்லை என்றார் நடுவர். லீக் தலைவர் ஹாரி புல்லியமும் முறையீட்டைத் தள்ளிவிட்டார். ஆனால் ஈவர்ஸ் அதை மறக்கவில்லை. ஓ’டேயும் மறக்கவில்லை என்பது பத்தொன்பது நாட்களில் புலனாயிற்று.

செப்டம்பர் 23. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயண்ட்ஸ் அணியில் முதல் தளத்தைக் காக்கும் மூத்த ஆட்டக்காரர் பிரெட் டென்னி முதுகு வலியால் வரவில்லை. அவருக்குப் பதிலாக இளைஞர் மெர்க்கிள் இறங்கினார். அந்தப் பருவத்தில் ஆட்டத் தொடக்கத்திலேயே அவர் களமிறங்கியது அதுவே முதல் முறை. ஒன்பதாம் முறையின் பின்பாதி. இரு அணிகளுக்கும் ஒவ்வோர் ஓட்டம். நியூயார்க்கில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். முதல் தளத்தில் மக்கார்மிக் நின்றார். மெர்க்கிள் பந்தை நன்றாக அடித்தார். மக்கார்மிக் மூன்றாம் தளத்தை அடைந்தார், மெர்க்கிள் முதல் தளத்தில் நின்றார். அடுத்து வந்த பிரிட்வெல் பந்தை நடுக்களத்துக்கு அடிக்க, மக்கார்மிக் ஓட்டத்தை முடித்தார். கூட்டம் ஆரவாரித்துக் களத்துக்குள் பாய்ந்தது. மெர்க்கிள் வழக்கப்படியே பாதி வழியில் திரும்பி ஓய்வறையை நோக்கி ஓடினார்.

ஈவர்ஸ் பந்தைக் கொண்டுவரும்படி கூவினார். அக்குழப்பத்தில் அவர் கைக்கு வந்தது ஆடிய பந்துதானா என்பது இன்றுவரை தீராத ஐயம். எப்படியோ ஒரு பந்துடன் அவர் இரண்டாம் தளத்தை மிதித்தார். தளத்தருகே நின்ற நடுவர் எம்ஸ்லி தாம் பார்க்கவில்லை என்றார். ஓ’டேயோ இம்முறை பார்த்திருந்தார். மெர்க்கிள் ஆட்டமிழந்தார், ஓட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். மைதானம் நிறைய மக்கள், பொழுதும் சாய்ந்துவிட்டது. ஆட்டம் சமனாயிற்று. புல்லியமும் அவருக்கு மேலுள்ள குழுவும் அத்தீர்ப்பையே உறுதி செய்தனர்.

பருவ முடிவில் நியூயார்க்கும் சிகாகோவும் 98 வெற்றிகளுடன் சமமாக நின்றன. சமனான ஆட்டம் அக்டோபர் 8-இல் மீண்டும் நடந்தது. இடம் கிடைக்காதோர் அருகிலுள்ள குன்றிலும் ரயில் பாலத்திலும் ஏறி நின்றனர். அவ்வாண்டு 37 ஆட்டங்களை வென்ற மாத்யூசன் நியூயார்க்குக்குப் பந்தெறிந்தார். சிறுவயதில் பண்ணை எந்திரத்தில் விரல் சிதைந்த மார்டகை பிரவுன் எதிரணிக்கு எறிந்தார். சிகாகோ 4-2 என வென்றது; பின்னர் உலகத் தொடரையும் கைப்பற்றியது. அவ்வணி மறுபடி அத்தொடரை வெல்ல 2016 வரை, 108 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

நியூயார்க்கின் பழி முழுவதும் ஓர் இளைஞன் தலையில் விழுந்தது. பத்திரிகைகள் அவரை மரமண்டை என்றன. நாம் சற்றே கணக்குப் பார்ப்போம். செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை, ஐந்து நாட்களில், பிலடெல்பியா அணியின் கோவலெஸ்கி என்னும் புதுமுகப் பந்தெறிவாளரிடம் நியூயார்க் மூன்று முறை தோற்றது. அவற்றுள் இரண்டை வென்றிருந்தால், மறு ஆட்டத்தின் முடிவு எதுவாயினும் முதலிடம் அவர்களுடையதே. அந்த மூன்று தோல்விகளுக்காக எவரையும் யாரும் பட்டப்பெயரிட்டு அழைக்கவில்லை. மெர்க்கிள் அடித்திராவிட்டால் மக்கார்மிக் மூன்றாம் தளத்துக்கே வந்திருக்கமாட்டார் என்பதையும் யாரும் நினைக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான்.

நடுவர் தவறினார் என்று நான் கூறமாட்டேன். விதி விதிதான். ஆயினும் பல்லாண்டுகள் உறங்கவிட்ட விதியை ஒருநாள் எழுப்பும்பொழுது, அன்று எதிர்ப்பட்டவன் ஒருவனே அனைவருடைய கவனக்குறைவுக்கும் விலை கொடுக்கிறான்.

ஒரு மனிதர் மட்டும் நியாயமாக நடந்தார். அணியின் மேலாளர் ஜான் மக்ரா கடுமைக்குப் பெயர் போனவர். ஆயினும் அவர் மெர்க்கிளைக் குறை கூறவில்லை; ஊதியத்தை உயர்த்தித் தம்மிடமே வைத்துக்கொண்டார். மெர்க்கிள் பின்னர் முதல் தளத்தின் நிலையான காவலராகி, ஐந்து உலகத் தொடர்களில் ஆடினார். புல்லியம் 1909 ஜூலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு இவ்வழக்கு ஒன்றே காரணம் என்பது மறுபடியும் பழியை ஓரிடத்தில் குவிப்பதாகும்.

ஆட்டத்தை விட்ட பின் மெர்க்கிள் நெடுங்காலம் அவ்வுலகிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார். 1950-இல் பழைய ஆட்டக்காரர்களின் விழாவுக்காக போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் மீண்டும் கால் வைத்தார். மக்கள் கைதட்டி வரவேற்றனர். ஆறாண்டுகளுக்குப் பின், 1956-இல், மறைந்தார்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்தக் கைதட்டலை எண்ணும்பொழுதெல்லாம், நான் மரமண்டை என்றழைத்த பிள்ளைகளின் முகங்கள் என் முன் வருகின்றன. அவர்களுள் எத்தனை பேர் அச்சொல்லை மணியடித்த பிறகும் வீட்டுக்குச் சுமந்து சென்றனரோ, நான் அறியேன். மக்ரா செய்ததை நானும் அப்பொழுதே செய்திருக்கலாம்.